46 கணினி, ஒரே பாலிசி: 29 கேட்கிறது, 17 கேட்கவே மாட்டேன் என்கிறது

திருப்பூர்_ஐடி | திங்கள், காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஐடி பார்க்கிறேன். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் பிப்ரவரியில் கிளம்பிவிட்டார். விட்டுப்போனது ஒரு பாஸ்வேர்ட் நோட்டு, அதுவும் பாதி அழிந்தது. மொத்தம் 46 கணினிகள். எல்லாக் கணினியையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிற டொமைன் கண்ட்ரோலர் (டிசி) சர்வர் இரண்டு: டிசி1-ல் விண்டோஸ் சர்வர் 2016, டிசி2-ல் சர்வர் 2012. எல்லாம் ஒரே கட்டடம், ஒரே சப்நெட்.

போன வாரம் ஆடிட்டர் வந்து எந்தக் கணினியிலும் பென் டிரைவ் வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாக ஒரு ஜிபிஓ (டிசி வழியாக எல்லாக் கணினிக்கும் போகும் குரூப் பாலிசி) போட்டு, ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸில் எல்லாவற்றையும் மறுத்து, கணினிகள் இருக்கிற ஓயூவோடு (டொமைனில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) இணைத்தேன். சில கணினிகளில் உடனே வேலை செய்தது. மற்றவற்றில் பென் டிரைவ் ஜாம் ஜாம் என்று திறக்கிறது. முதல் நாள் 22 கணினியில் வரவில்லை. ஒன்றும் செய்யாமலே இன்றைக்கு அது 17 ஆகியிருக்கிறது. இதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

அந்த 17-ல் பழைய செட்டிங்கும் தப்பாகவே இருக்கிறது. ஸ்க்ரீன் 10 நிமிடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், 30 நிமிடம் ஆகிறது. வால்பேப்பராகக் கம்பெனி லோகோ வர வேண்டும், இன்னும் பொங்கல் பானையும் கரும்பும்தான் நிற்கிறது. இப்போது ஏப்ரல்! கணக்குப் பிரிவு அக்கா ஒருவர், "எனக்கு நடுவில் லோகோ வந்துச்சு தம்பி, அப்புறம் திரும்பப் பொங்கல் வந்துருச்சு" என்கிறார்.

மேனேஜர் தினமும் என் மேஜைக்கு வந்து நிற்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

---

ஃபார்மேட்_மன்னன் | திங்கள், காலை 10.41

ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் (பாலிசியை உடனே இழுக்கிற கட்டளை) போடு, ரீஸ்டார்ட் பண்ணு. வரலைன்னா டொமைனிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர். அதுக்கும் வரலைன்னா என் பெயரைப் பாரு.

---

இரவு_ஷிஃப்ட் | திங்கள், காலை 11.15

மன்னா, 17 கணினியை ஒவ்வொன்றாக டொமைனிலிருந்து எடுத்துச் சேர்க்க ஒரு நாள் போய்விடும். காரணம் வேறெங்காவது இருந்தால் மறுநாள் காலையில் அதே நிலைமைதான். தம்பி, அதைத் தொடாதீர்கள்.

முதலில் சாதாரணக் காரணங்களைக் கழித்துவிடுவோம். பாலிசி பின்னணியில் புதுப்பிக்க 90 நிமிடம் ஆகும், அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஒவ்வொரு கணினியும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் சர்வர் மேல் பாயக்கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு மணி நேர வித்தியாசம் இயல்பு, ஒரு வாரம் இயல்பில்லை.

உங்கள் ஆட்கள் ஷட்டவுன் செய்து மறுநாள் ஆன் செய்கிறார்களா, ரீஸ்டார்ட் செய்கிறார்களா? விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத்தூக்கம்தான். கணினி தொடங்கும்போது ஓட வேண்டிய ஸ்க்ரிப்ட், மென்பொருள் நிறுவல் எல்லாம் அதில் ஓடாது. நிஜமான தொடக்கம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

ஜிபிஓ யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் என்ன இருக்கிறது? டொமைனில் உள்ள எல்லாப் பயனரையும் கணினியையும் குறிக்கும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்துவிட்டு ஒரு குழுவை மட்டும் போட்டிருந்தால், டெலிகேஷன் பக்கத்தில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்குப் படிக்கும் அனுமதியாவது இருக்க வேண்டும். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 அப்டேட்டுக்குப் பிறகு, பயனர் பாலிசியைக்கூடக் கணினியின் பெயரில்தான் விண்டோஸ் போய் எடுக்கிறது. அந்த மாதம் எத்தனை அலுவலகங்களில் பிரிண்டரும் மேப் டிரைவும் காணாமல் போயின என்று நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

இவை சரி என்றால், வேலை செய்கிற ஒரு கணினியிலும் செய்யாத ஒரு கணினியிலும் எந்தப் பாலிசி வந்தது என்று காட்டும் ஜிபிரிசல்ட் எச்டிஎம்எல் அறிக்கை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்மினாகத் திறந்த கமாண்ட் விண்டோவில் எடுங்கள், இல்லாவிட்டால் கணினிப் பகுதி வராது.

அப்புறம், ஏடியில், அதாவது டிசி வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரிப் பட்டியலில், எத்தனை கணினி இருக்கின்றன என்று எண்ணினீர்களா?

---

திருப்பூர்_ஐடி | திங்கள், மதியம் 1.05

நன்றிங்க அக்கா. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் அப்படியே இருக்கிறது, தொடவில்லை. ரீஸ்டார்ட்டே கொடுத்துப் பார்த்தேன். சில கணினி ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடுகிறது, சிலது நாலு தடவை கொடுத்தாலும் அசையவில்லை.

அறிக்கை எடுத்தேன். சரியாக இருக்கிற கணினியில் பென் டிரைவ் ஜிபிஓ பட்டியலில் இருக்கிறது. சரியில்லாததில் பாலிசிப் பகுதியே பிழை என்று சிவப்பில் நிற்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகில் 1058 என்ற பிழை எண். ஜிபிடி.ஐஎன்ஐ என்ற ஃபைலைப் படிக்க முடியவில்லை, பாதை கிடைக்கவில்லை என்று சொல்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கணக்குப் பிரிவு அக்காவின் கணினியில் போன மாதம் யாரோ எடுத்து வைத்த பழைய அறிக்கை ஒன்று கிடந்தது. அதில் வால்பேப்பர் ஜிபிஓவுக்கு நேராக ஏடி 14, சிஸ்வால் 11 என்று போட்டிருக்கிறது. என் கணினியில் எடுத்தால் இரண்டும் 14. இது என்ன கணக்கு?

---

யாழ்_நெட் | திங்கள், மதியம் 2.30

வணக்கம். எங்கட அலுவலகத்திலயும் இப்பிடி ஒருக்கா நடந்தது. ஒரே பயனர் ரெண்டு கணினியில் ரெண்டு விதமான செட்டிங்கோட உள்ளே போவார். கடைசியில் பார்த்தால் லூப்பேக். யாரோ ஒரு ஓயூவில் ரீப்ளேஸ் என்று போட்டிருந்தது. அந்த ஓயூவில் இருக்கிற கணினிக்குள் நீங்கள் போனால், உங்கள் சொந்தப் பயனர் பாலிசி ஒன்றும் எடுபடாது. கணினி இருக்கிற ஓயூவின் பயனர் பாலிசிதான் விழும்.

வரிசையையும் பாருங்கோ. முதலில் லோக்கல், பிறகு சைட், பிறகு டொமைன், கடைசியில் ஓயூ. கடைசியில் வந்தது வெல்லும், மேலே யாரும் என்ஃபோர்ஸ்ட் (கீழே மாற்ற விடாத கட்டாயம்) போட்டிருந்தால் ஒழிய. 17 கணினியும் வேற ஓயூவில் கிடக்கலாம். கம்ப்யூட்டர்ஸ் என்ற அந்தப் பொதுக் கொள்கலனில் கிடந்தால், அதோட ஜிபிஓவை இணைக்கவே ஏலாது.

---

பழைய_சர்வர் | திங்கள், மாலை 6.50

யாழ் தம்பி சொன்னது நல்ல சந்தேகம்தான், ஆனால் இங்கே அது இல்லை. லூப்பேக்கோ வரிசையோ காரணமாக இருந்தால் அது நின்ற இடத்தில் நிற்கும், 22 தானாக 17 ஆகாது. லோகோ வந்து பொங்கல் திரும்பவும் வராது. 1058-ம் விழாது.

திருப்பூர், உங்களுக்கு விடையை அந்தப் பொங்கல் பானையே சொல்லிவிட்டது. உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஒரு சர்வருக்கு இன்னும் ஜனவரி மாதம்தான் நடக்கிறது.

ஜிபிஓ என்பது ஒரே பொருள் மாதிரித் தெரியும், உண்மையில் அது இரண்டு துண்டு. பெயர், எந்த ஓயூவோடு இணைப்பு, திருத்த எண் இவையெல்லாம் ஏடி தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. உள்ளே இருக்கிற சரக்கு, அதாவது நீங்கள் டிக் செய்த செட்டிங்குகள், சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் சாதாரண ஃபைல்களாகக் கிடக்கின்றன. ஜிபிடி.ஐஎன்ஐ அங்கே இருக்கிற சின்னச் சீட்டு, அதிலும் ஒரு திருத்த எண் உண்டு. ஏடித் துண்டு ஒரு வண்டியில் ஒரு டிசியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. சிஸ்வால் துண்டு டிஎஃப்எஸ்ஆர் என்ற வேறு வண்டியில் போகிறது. முதல் வண்டி ஓடி இரண்டாவது நின்றுவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் பார்த்த 14-ம் 11-ம் அதுதான். கடைசி மூன்று திருத்தம் அந்த டிசிக்குப் போய்ச் சேரவே இல்லை.

இப்போது பென் டிரைவ் ஜிபிஓவை எடுங்கள். அது புத்தம் புதியது. "எனக்கு இப்படி ஒரு ஜிபிஓ உண்டு" என்று ஏடி எல்லா டிசியிலும் சொல்கிறது. நின்றுபோன டிசியின் சிஸ்வாலில் அதற்கு ஃபோல்டரே கிடையாது. கணினி போய்க் கதவைத் தட்டுகிறது, வீடே இல்லை, 1058 போட்டுவிட்டு மொத்த வேலையையும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. அதனால் பழைய செட்டிங் எது இருந்ததோ அப்படியே உறைந்து நிற்கிறது. என்றைக்காவது ஒரு ரீஸ்டார்ட்டில் தற்செயலாக நல்ல டிசியிடம் போய்விட்டால் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். உங்கள் 22 அப்படித்தான் 17 ஆனது. புது ஜிபிஓ போடுவதற்கு முன்னால் 1058 இல்லை, அதனால் கணினிகள் இரண்டு டிசிக்கும் மாறி மாறிப் போய் ஒரு நாள் லோகோ, ஒரு நாள் பொங்கல் என்று வாங்கி வந்திருக்கின்றன. அந்த அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது. கோளாறான கணினியில் எக்கோ போட்டு லாகான்சர்வர் மாறியைப் பாருங்கள், எந்த டிசியின் பெயர் வருகிறது என்று. ஆனால் அதையே முடிந்த முடிவாக எடுக்காதீர்கள். சிஸ்வாலுக்குப் போகும் வழியை டிஎஃப்எஸ் தனியாகச் சொல்கிறது. லாகான் ஒரு டிசி, சிஸ்வால் இன்னொரு டிசி என்று இருக்க வாய்ப்புண்டு. அதனால் நேராகக் களஞ்சியத்தையே பாருங்கள்: டிசி1-ன் சிஸ்வால் ஒரு விண்டோவில், டிசி2-ன் சிஸ்வால் ஒரு விண்டோவில். பாலிசீஸ் ஃபோல்டரில் எத்தனை உருப்படி, கடைசித் தேதி என்ன. டொமைன் பெயரைப் போட்டுத் திறக்காதீர்கள், அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது. சர்வர் பெயரைப் போட்டுத் திறங்கள்.

இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்தைச் செய்யாமல் நான் 2009-ல் ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு மேஜையாகப் போய் ஜிபிஅப்டேட் அடித்தவன்.

---

ஃபார்மேட்_மன்னன் | திங்கள், இரவு 7.02

அண்ணே, நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

திருப்பூர்_ஐடி | செவ்வாய், காலை 9.48

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது!

டிசி1-ல் 23 ஃபோல்டர், டிசி2-ல் 22. இல்லாத ஒன்று என் பென் டிரைவ் ஜிபிஓதான், அந்த நீளமான அடையாள எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். டிசி2-ல் பாலிசீஸுக்குள் கடைசியாக மாறிய தேதி ஜனவரி 27. வால்பேப்பர் ஜிபிஓவின் ஜிபிடி.ஐஎன்ஐயை நோட்பேடில் திறந்தால் டிசி1-ல் ஒரு எண், டிசி2-ல் அதைவிடச் சின்ன எண். ஆனால் அவை 14, 11 இல்லை, ஆறு இலக்கத்தில் இருக்கின்றன. அது ஏன்?

டிசி2-ல் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் (நீங்கள் சொன்ன டிஎஃப்எஸ்ஆர் வண்டி) லாகைத் திறந்தேன். ஜனவரி 28 காலையில் 2213. அதற்குப் பிறகு லாகில் உருப்படியாக ஒன்றுமே இல்லை. செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டேன். அன்றைக்கு முந்தைய நாள் மாதாந்திர பவர் ஷட்டவுன், யுபிஎஸ் பேட்டரி பாதியில் கைவிட்டு சர்வர் ரூமே அணைந்துபோனதாம். ஜெனரேட்டர் போட மறந்துவிட்டார்களாம்.

அந்த 2213 செய்தியிலேயே, ரெப்ளிகேஷனைத் திரும்பத் தொடங்க ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிடட்டுமா?

---

கேபிள்_காரன் | செவ்வாய், காலை 10.10

யுபிஎஸ் பேட்டரி மாற்றச் சொன்னால் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சொல்லாத முதலாளி எங்கேயாவது இருந்தால் எனக்கு விலாசம் கொடுங்கள், வேலைக்குச் சேருகிறேன்.

தம்பி, சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதை இன்னும் டிசியாக வைத்திருப்பது தனி விவகாரம். இப்போதைக்கு இதை முடியுங்கள்.

---

இரவு_ஷிஃப்ட் | செவ்வாய், காலை 10.25

நில்லுங்கள், அந்தக் கட்டளையை இப்போது போடாதீர்கள்.

2213 என்றால், மின்சாரம் போய் டிஎஃப்எஸ்ஆரின் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்படவில்லை, தானாகத் திரும்ப எழ அதற்கு அனுமதியும் இல்லை. சர்வர் 2012-ல் இதுதான் இயல்புநிலை: ஆள் வந்து சொன்னால்தான் எழும். 2012 ஆர்2-விலிருந்து தானாகவே எழுந்துகொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பார்த்திருந்தால் அந்த ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

ஜனவரி 28-லிருந்து இன்றைக்கு 70 நாள். டிஎஃப்எஸ்ஆருக்கு 60 நாள் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு மேல் தொடர்பில்லாமல் இருந்த ஃபோல்டரை அது நம்பாது. பழைய சரக்கு புதியதன் மேல் ஏறிவிடக்கூடாதே என்று 4012 போட்டு ஒதுக்கிவைத்துவிடும். அதனால் உங்களுக்கு அந்தக் கட்டளை போதாது.

எதைச் செய்வதற்கு முன்னாலும் இரண்டு டிசியின் சிஸ்வாலையும் முழுசாக வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். டிசி2-ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழையதுதானே என்று விட்டுவிடாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தப்பானால் பின்னால் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். டிசியை ஸ்னாப்ஷாட்டில் பின்னுக்கு இழுத்தால் ஏடி ரெப்ளிகேஷனே சிக்கலாகலாம். ஃபோல்டர் நகல் போதும், அதோடு சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் ஒன்று.

ஆறு இலக்க எண்: ஒரே எண்ணுக்குள் பயனர் திருத்தமும் கணினித் திருத்தமும் சேர்ந்து இருக்கின்றன. பயனர் பக்கம் ஒரு முறை மாற்றினால் 65536 கூடும், கணினிப் பக்கம் மாற்றினால் 1 கூடும். உங்கள் டிசி1-ல் 917504 இருக்குமே? அதை 65536-ஆல் வகுத்தால் 14.

---

திருப்பூர்_ஐடி | செவ்வாய், காலை 10.31

அதே எண்தாங்க அக்கா! டிசி2-ல் 720896. வகுத்தேன், 11 வருகிறது.

---

பழைய_சர்வர் | செவ்வாய், மதியம் 12.40

இரவு_ஷிஃப்ட் சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பது செய்முறை மட்டும். முதலில் ரெப்அட்மின் போட்டு ஏடி ரெப்ளிகேஷன் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடவில்லை என்றால் கீழே சொல்வது எதுவும் போய்ச் சேராது.

நாலைந்து டிசி இருக்கிற இடமென்றால் கெட்டதை மட்டும் சுத்தம் செய்து, பக்கத்து டிசியிடம் வாங்கிக்கொள் என்று விடலாம். உங்களிடம் இருப்பதே இரண்டு. டிசி1-ம் 70 நாளாக யாரோடும் பேசவில்லை. அதனால் டிசி1-ஐயே மூலப்பிரதி என்று அறிவித்துவிடுவதுதான் நல்லது.

இரண்டிலும் டிஎஃப்எஸ்ஆர் சர்வீசை மேனுவலாக்கி நிறுத்துங்கள். ஏடியை நேராகத் திருத்தும் ஏடிஎஸ்ஐ எடிட் கருவியில் டொமைன் கண்ட்ரோலர்ஸ் ஓயூ, டிசி1, டிஎஃப்எஸ்ஆர் லோக்கல்செட்டிங்ஸ், டொமைன் சிஸ்டம் வால்யூம், அதற்குள் சிஸ்வால் சப்ஸ்கிரிப்ஷன். அங்கே எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர் எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கி, எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர் ஆப்ஷன்ஸில் 1 போடுங்கள். அந்த 1-தான் "நான்தான் மூலம்" என்று சொல்வது. அதை டிசி2-ல் போட்டீர்களோ, அலுவலகம் முழுக்கப் பொங்கல்தான். டிசி2-ல் எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கினால் போதும், ஆப்ஷன்ஸைத் தொடாதீர்கள்.

ஏடி ரெப்ளிகேஷனை வலுக்கட்டாயமாக ஓட்டுங்கள். டிசி1-ல் சர்வீசைத் தொடங்கினால் லாகில் 4114 விழும். பிறகு டிசி1-க்கு ட்ரூ, மறுபடி ஏடி ரெப்ளிகேஷன், டிஎஃப்எஸ்ஆர்டயக் போல்ஏடி (ஏடியை மறுபடி படி என்று டிஎஃப்எஸ்ஆருக்குச் சொல்லும் கட்டளை). 4602 வந்தால் டிசி1 தயார். அதற்குப் பிறகுதான் டிசி2: சர்வீஸ் தொடக்கம், 4114, ட்ரூ, போல்ஏடி. முதலில் 4614 வரும், அது காத்திருக்கிறேன் என்று அர்த்தம், பதறாதீர்கள். 4604 வந்தால் முடிந்தது. கடைசியில் இரண்டு சர்வீசையும் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்க மறக்காதீர்கள்.

டிஎஃப்எஸ்ஆர்டயக் இல்லை என்று கணினி சொன்னால் டிஎஃப்எஸ் மேனேஜ்மென்ட் டூல்ஸை நிறுவ வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் சிஸ்வால் பகிர்வே இருக்காது, அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள்.

---

திருப்பூர்_ஐடி | புதன், அதிகாலை 12.55

இப்போதுதான் முடித்தேன். பக்கத்தில் பேக்கிங் செக்ஷன் இரவு ஷிஃப்ட் ஓடுவதால் டீ கிடைத்தது.

4602 வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிசி2-ல் 4614 வந்த பிறகு ஏழெட்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. எஃப்5 விசை தேய்ந்திருக்கும், அந்த அளவுக்கு அழுத்தினேன். பிறகு 4604. டிசி2-ல் இப்போது 23 ஃபோல்டர்.

இரவு_ஷிஃப்ட் அக்கா, உங்களுக்கு ஒரு கும்பிடு. இரண்டு நகலையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, டிசி2-ன் ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரில் மட்டும் பிப்ரவரி 11 தேதியில் ஒரு பேட்ச் ஃபைல் இருந்தது. டிஸ்பாச் பிரிவின் லேபிள் பிரிண்டரை இணைக்கும் ஸ்க்ரிப்ட். முன்னால் இருந்தவர் தெரியாமல் டிசி2-லேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். டிஸ்பாச்சில் பிரிண்டர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்று புகார் நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது, அதன் காரணமும் இன்றைக்குத்தான் தெரிந்தது. நகலில் இருந்து எடுத்து டிசி1-ல் போட்டேன், இரண்டு மூன்று விநாடியில் டிசி2-ல் தானாக வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

---

திருப்பூர்_ஐடி | புதன், மதியம் 12.20

காலை நிலவரம். 17-ல் 13 தானாகச் சரியாகிவிட்டது, ஒரு மேஜைக்கும் போகவில்லை. மிச்சம் 4. டிஸ்பாச்சில் ஒன்று, மெர்ச்சண்டைசிங்கில் இரண்டு, எம்டி அறையில் ஒன்று.

டிஸ்பாச் கணினியில் இப்போது 1096, லோக்கல் ஜிபிஓவின் ரெஜிஸ்ட்ரி செட்டிங்கைப் போட முடியவில்லை என்கிறது. மெர்ச்சண்டைசிங் இரண்டிலும் 1054. எம்டி லேப்டாப்பை இன்னும் தொடவில்லை, அவர் கோவையில் இருக்கிறார்.

---

யாழ்_நெட் | புதன், மதியம் 12.45

1054 என்றால் டொமைன் கண்ட்ரோலரின் பெயரே கிடைக்கவில்லை. அந்த ரெண்டு கணினியிலும் டிஎன்எஸ் (பெயரைக் கேட்டு முகவரி சொல்லுற சர்வர்) என்ன போட்டிருக்கு என்று பாருங்கோ. இன்டர்நெட் இணைப்புக்காரர் வந்து "நெட் ஸ்லோ" என்று 8.8.8.8 போட்டுவிட்டுப் போயிருப்பார், நான் பந்தயம் கட்டுறன். கூகுளுக்கு உங்கட டொமைன் தெரியாது. முன்னர் சேமித்த கடவுச்சொல்லை வைத்துப் பயனர் உள்ளே போவார், மெயில் வரும், எல்லாம் வேலை செய்யிற மாதிரியே இருக்கும். பாலிசி மட்டும் வராது.

ரெண்டாவது டிஎன்எஸ்ஸாகக்கூட 8.8.8.8 வேண்டாம். முதலாவது ஒரு தரம் பதில் சொல்லாவிட்டால் கணினி ரெண்டாவதையே பிடித்துக்கொண்டு இருக்கும். டிசி1-ம் டிசி2-ம் மட்டும் போடுங்கோ. வெளி முகவரிகளை டிசியிலேயே ஃபார்வேர்டராக வையுங்கோ.

---

இரவு_ஷிஃப்ட் | புதன், மதியம் 12.52

1096-க்கு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, குரூப்பாலிசி, மெஷின் என்று உள்ளே போங்கள். குரூப்பாலிசி மறைந்த ஃபோல்டர், வியூவில் ஹிடனை டிக் செய்தால்தான் தெரியும். அங்கே ரெஜிஸ்ட்ரி.பிஓஎல் இருக்கும். பெயரை மாற்றி ஓரம் வையுங்கள், ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் போடுங்கள். அந்த ஃபைல் கெட்டுப்போனால் ஏடி என்ன சொன்னாலும் இந்தக் கணினியில் ரெஜிஸ்ட்ரி சம்பந்தப்பட்ட எதுவும் ஏறாது. திரும்பத் திரும்பக் கெட்டால் ஆன்டிவைரஸில் அதற்கு விலக்குக் கொடுங்கள்.

மன்னா, உங்கள் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸுக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டது.

---

கேபிள்_காரன் | புதன், மாலை 4.15

இழை சூடாக இருக்கும்போதே என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். எங்களிடம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரை மூடும் பாலிசி பாதி லேப்டாப்பில்தான் எடுபடுகிறது. இரண்டு டிசியின் சிஸ்வாலும் ஒன்றுபோல் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஜிபிரிசல்ட்டும் பாலிசி வந்துவிட்டது என்றே சொல்கிறது.

---

பழைய_சர்வர் | புதன், மாலை 5.30

விண்டோஸ் எடிஷனைப் பாருங்கள். எடுபடுவதெல்லாம் என்டர்பிரைஸ், எடுபடாததெல்லாம் ப்ரோவாக இருக்கும். விண்டோஸ் 10-ல் 1511 பதிப்பிலிருந்து அந்தப் பாலிசியை ப்ரோ கண்டுகொள்வதில்லை. ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு எழுதப்படும், அதனால்தான் அறிக்கை வந்துவிட்டது என்கிறது. படிக்க ஆள் இல்லை. பாலிசியின் விளக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தால் சில சமயம் இது எழுதியிருக்கும்.

எந்தக் கணினிக்குப் பாலிசி என்று பிரிக்கும் டபிள்யூஎம்ஐ ஃபில்டர் வைத்திருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மட்டும் என்று பதிப்பு எண் 10-ல் தொடங்குவதைத் தேடினால் விண்டோஸ் 11-ம் அதில் வந்து விழும், அதுவும் உள்ளே 10.0-தான். 22000-உம் அதற்கு மேலும் பில்ட் எண் என்று பிரித்தால்தான் பிரியும்.

---

கேபிள்_காரன் | புதன், மாலை 5.44

ப்ரோதான். அத்தனையும் ப்ரோ. பர்ச்சேஸ் ஆளைப் பார்க்கப் போகிறேன்.

---

திருப்பூர்_ஐடி | வியாழன், காலை 11.35

யாழ் அண்ணா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், 8.8.8.8-தான். மாற்றினேன், இரண்டும் வந்துவிட்டன. டிஸ்பாச் கணினியும் வந்துவிட்டது. லேபிள் பிரிண்டர் இரண்டு நாளாகக் காணாமல் போகவில்லை, அங்கே இருக்கிறவர்கள் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்கள்.

எம்டி இன்றைக்கு வந்தார். அவருடைய லேப்டாப்பில் ஜிபிஅப்டேட் அடித்தால் பிழையும் இல்லை, பாலிசியும் இல்லை. ஜிபிரிசல்ட் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. பொங்கல் பானை மட்டும் ஜோராக நிற்கிறது. அரை மணி நேரம் சிஸ்வாலையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் முதல் நாள் இரவு_ஷிஃப்ட் அக்கா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஏடியைத் திறந்து எண்ணினேன். 45 கணினிதான் இருக்கிறது. நான் 46 என்று சொன்னது மேஜை மேஜையாக நடந்து போய் எண்ணிய கணக்கு.

அந்த லேப்டாப் விண்டோஸ் ஹோம். டொமைனில் சேரவே முடியாது, ஒருநாளும் சேர்ந்ததும் இல்லை. பொங்கல் படம் எப்படி வந்தது என்று எம்டியிடமே கேட்டேன். ஜனவரியில் ஆபீஸில் எல்லோர் திரையிலும் பார்த்தாராம், பிடித்திருந்ததாம், முன்னால் இருந்தவரிடம் ஃபைலைக் கேட்டு வாங்கி அவரே வைத்துக்கொண்டாராம்.

ப்ரோவுக்கு மாற்ற விலை கேட்டிருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரிக்கும் சேர்த்து.

---

ஃபார்மேட்_மன்னன் | வியாழன், காலை 11.40

அந்த ஒன்றையாவது ஃபார்மேட் பண்ண விடுங்கப்பா.